கோடு போடாத பாதி

போன வாரம் மருமகள் எனக்குப் பனியன் துணியில் ஒரு நைட்டி வாங்கி வந்தாள். ஏற்றுமதிக்குப் போகாமல் நின்றுவிட்ட சரக்கு. உள்ளே திருப்பிப் பார்த்தால் அக்குள் பக்கம் சின்னதாக ஒரு சிவப்பு அம்பு ஸ்டிக்கர். செக்கிங்கில் ஓட்டை இருக்கும் இடத்தைக் காட்ட ஒட்டுவார்கள். ஓட்டையைத் தைத்தவர்கள் அம்பை எடுக்க மறந்துவிட்டார்கள். மாற்றிக்கொண்டு வருகிறேன் என்றாள். வேண்டாம் என்று வாங்கி வைத்துக்கொண்டேன். அம்பைப் பார்த்ததும் எனக்கு அம்மாவின் சிவப்புப் பென்சில் ஞாபகம் வந்துவிட்டது.

அறுபதுகளில் திருப்பூரில் ஸ்டிக்கர் ஏது? அம்மா வேலை பார்த்த பனியன் கம்பெனியில் செக்கிங் மேசைக்கு ஒரு சிவப்புப் பென்சில் கொடுப்பார்கள். பனியனை வெளிச்சத்துக்கு நேரே விரித்து, ஓட்டையோ எண்ணெய்க் கறையோ கண்ணில் பட்டால் அதைச் சுற்றி ஒரு வட்டம் போட வேண்டும். பென்சில் சுண்டுவிரல் அளவுக்குத் தேய்ந்ததும் புதிது வரும். பழைய துண்டை அம்மா முந்தானையில் முடிந்து வீட்டுக்குக் கொண்டுவருவாள். புதுப் பனியனும் வெளுக்கிற பவுடரும் கலந்த வாசனை அதில் இருக்கும். அந்தத் துண்டுக்காகவே அப்பா காத்திருப்பார், தன் வேதாகமத்தில் கோடு போட.

அப்பா நிட்டிங் மெஷின் ஓட்டியவர். எங்களுடையது தறி நெய்து முருகனைக் கும்பிட்ட குடும்பம். நான் பிறந்த பிறகு ஏதோ ஒரு ஜெபக்கூட்டத்துக்குப் போனவர் இயேசுவிடம் வந்துவிட்டார். வந்தவர் அரைகுறையாக வரவில்லை. பரிசுத்தம் என்றால் உலகத்திலிருந்து பிரிந்து நிற்பது என்று சபையில் சொல்லிக் கொடுத்தார்கள். உடனே அம்மாவின் தோடு போயிற்று, பூ போயிற்று, சினிமா போயிற்று. பக்கத்து வீட்டுச் சர்க்கரைப் பொங்கலும் போயிற்று. அதை மட்டும் நான் இன்றுவரை மன்னிக்கவில்லை. டீ போகவில்லை, ஏனென்றால் அப்பாவுக்கு டீ பிடிக்கும்.

அவரைக் கடுமையான ஆள் என்று நினைத்துவிடாதீர்கள். ஷிப்டுக்குப் போகுமுன் பொதுக்குழாயில் பெண்களோடு வரிசையில் நின்று குடம் பிடித்து வருவார். அம்மா காய்ச்சலில் படுத்தால் அவள் சேலையை அவரே துவைத்துப் போடுவார். எங்கள் தெருவில் அதைச் செய்த ஆண்பிள்ளை அவர் ஒருவர்தான். கேலி செய்தவர்களிடம், "இதும் பரிசுத்தத்துல சேத்திதாங்க" என்பார். அந்தப் பேச்சுக்காகவே அவர்மேல் எனக்குக் கொள்ளைப் பிரியம்.

எனக்கு ஏழெட்டு வயதில் நடந்த அசட்டுத்தனம் ஒன்றைச் சொல்ல வேண்டும். கம்பெனிக்கு அம்மாவோடு போய்ப் போய், சிவப்பு பட்ட இடமெல்லாம் பழுது என்று மனதில் பதிந்திருந்தது. ஒருநாள் அப்பாவின் வேதாகமத்தைப் புரட்டினால் பக்கத்துக்குப் பக்கம் சிவப்பு. பதறிப்போய், "ஏம்மா, வேதத்துல இத்தன டேமேஜா?" என்று கேட்டுவிட்டேன். அம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அப்பாவுக்குச் சிரிப்பு வரவில்லை. அவை முக்கியமான வசனங்கள் என்று அரைமணி நேரம் விளக்கினார்.

அதற்கு மூன்று வருடம் கழித்து, அவிநாசியிலிருந்து அப்புச்சி, அதாவது அம்மாவின் அப்பா, வெற்றிலை பாக்குத் தட்டோடு வந்தார். சின்னம்மாவுக்குக் கல்யாணம். அம்மாவுக்கு இருந்தது அந்த ஒரே தங்கச்சி. இடுப்பில் வைத்து வளர்த்தவள்.

"மாப்பிள்ளை, எல்லாரும் ரெண்டு நாள் முன்னாடியே வந்தரோணுங்க" என்றார்.

"நாங்க வேற வழிக்கு வந்துட்டமுங்க மாமா. சாமி சடங்கு நடக்கற எடத்துக்கு வரக்கூடாதுங்க. தப்பா நெனச்சுக்காதீங்க."

"சரிங்க மாப்பிள்ளை" என்றார் அப்புச்சி. தட்டை மேசைமேல் வைத்துவிட்டு, அம்மா கொடுத்த மோரைப் பாதி குடித்துவிட்டுப் போனார்.

அம்மா அழவில்லை, சண்டையும் போடவில்லை. ஆனால் அந்த வாரம் அவள் பார்த்து அனுப்பிய பனியன் கட்டுக்குள் இரண்டு ஓட்டைப் பனியன் போய்விட்டதென்று கம்பெனியில் திருப்பி அனுப்பினார்கள். அப்படி அதுவரை நடந்ததில்லை. தங்கச்சி கழுத்தில் தாலி ஏறுவதைப் பார்க்க முடியாது என்பதை அவள் கண்கள் தாங்கவில்லை என்று இப்போது புரிகிறது.

எங்கள் வீட்டில் விளக்கு வைத்ததும் குடும்ப ஜெபம். வாசிப்பது என் வேலை. பஞ்சுத் தூசியில் அப்பாவின் தொண்டை கட்டியிருக்கும். அம்மாவுக்கு எழுத்துக்கூட்டத்தான் தெரியும். கல்யாணத்துக்கு முந்தின நாளும் ஜெபம் நடந்தது. அப்பா ஒரு பக்கத்தை எடுத்துக் கொடுத்து, "கோடு போட்டத மட்டும் படி சாமி" என்றார். பரிசுத்தத்தை நாட வேண்டும், அது இல்லாதவன் ஆண்டவரைக் காணமாட்டான் என்கிற வசனம். படித்தேன்.

முக்காட்டுக்குள்ளிருந்து அம்மா சொன்னாள்: "அதுக்கு முன்னாடி என்னமோ இருந்துச்சே கண்ணு. சபைல கேட்டிருக்கறேன். அதையும் படி."

நான் தேடினேன். அந்த வேதாகமத்தில் பக்கத்துக்கு இரண்டு பத்தி. வசனத்தின் முன்பாதி இடது பத்தியின் அடியில் கிடந்தது, பின்பாதி வலது பத்தியின் உச்சியில். அப்பா உச்சியிலிருந்து கோடு போட்டிருந்தார். அடியில் இருந்ததைப் படித்தேன். யாவரோடும் சமாதானமாக இருக்க நாடுவதுதான் அதில் முதலில் சொல்லியிருந்தது. பரிசுத்தம் அடுத்துத்தான் வந்தது.

"யாவரோடும்னா?" என்றாள் அம்மா.

"எல்லாருகூடயும்னு அர்த்தம்மா."

அம்மா அப்பாவைப் பார்த்தாள். "ஏனுங்க, எந்தங்கச்சியும் அந்த எல்லாருல சேத்திங்களா?"

அப்பா வேதாகமத்தை என் கையிலிருந்து வாங்கி விளக்கருகே கொண்டுபோனார். இரண்டு பத்தியையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு முழங்கால் போட்டார். அன்றைய ஜெபம் நீண்டுகொண்டே போக, நான் பாதியில் தூங்கிவிட்டேன்.

காலையில் அப்பா சவரம் செய்து, வெள்ளை வேட்டி கட்டி நின்றார். "மொத பஸ்ஸு போயிரும் புள்ள, பொறப்படு" என்றார் அம்மாவிடம். அம்மா சேலை மாற்றிய வேகத்தை அதற்கு முன்னும் பின்னும் நான் பார்த்ததில்லை.

தாலி கட்டும்போது அப்பா பந்தல் ஓரமாக நின்றார். திருநீற்றுத் தட்டு வந்தபோது அப்புச்சியே அதை அவரைத் தாண்டி வேறு பக்கம் திருப்பிவிட்டார். பந்தியில் அப்பா சோற்றுக் கூடையைத் தூக்கிக்கொண்டு கடைசி இலைவரை பரிமாறினார். சின்னம்மா ஓடிவந்து அம்மா தலையில் ஒரு முழம் மல்லிகையை வைத்தபோது, அம்மா பயந்து அப்பாவைத் தேடினாள். அவர் பந்தல் மூங்கிலை எண்ணிக்கொண்டிருந்தார். முப்பது மூங்கிலாவது எண்ணியிருப்பார்.

வீடு திரும்பியதும் பென்சில் கேட்டார். அம்மா முந்தானை முடிச்சை அவிழ்த்துக் கொடுத்தாள். இடது பத்தியின் அடியிலும் கோடு போட்டார். "கோடு போட்டதுல டேமேஜு இருந்துச்சு சாமி, நீ அன்னிக்கே சொன்ன" என்றார் என்னிடம்.

அந்த வேதாகமம் கரையானுக்குப் போனது. அப்பாவும் அம்மாவும் போனார்கள், இரண்டு வருடம் முன்பு சின்னம்மாவும். பென்சில் பிடித்து செக்கிங் பார்க்கிறவர்களும் இப்போது இல்லை. நான் கைபேசியில் வேதம் படிக்கிறேன். வசனம் முழுசாக, கோடில்லாமல், சுத்தமாக வருகிறது. எனக்குப் பிடித்த பாதியோடு நான் நிறுத்திக்கொள்ளும் நாட்கள் உண்டு. அதுக்கு முன்னாடி என்னமோ இருந்துச்சே கண்ணு என்று கேட்க வீட்டில் யாரும் இல்லை.