வேண்டாம் என்று சொன்ன சோறு

எழுபத்து நாலாம் வருஷம், கிறிஸ்துமஸ் லீவு. இடம், வண்டிப்பெரியாறு பக்கத்தில் ஒரு டீ எஸ்டேட். நான் அப்போது பாலக்காட்டில் பி.ஏ. இரண்டாம் வருஷம். ஹாஸ்டலில் என் ரூமில் இருந்தவனுடைய ஊர் அது. அவனுடைய அப்பா டீ ஃபாக்டரியில் வேலை செய்தார். அம்மாவும் அக்காவும் கொழுந்து எடுக்கப் போவார்கள். "லீவுக்கு எங்க மலைக்கு வாலே" என்று அவன் ஒன்றரை வருஷமாகக் கூப்பிட்டுக்கொண்டிருந்தான். ஒரு வழியாகக் கிளம்பினேன்.

அதற்கு முன்னால் என்னுடைய பந்தா ஒன்றைச் சொல்லியாக வேண்டும். நான் காலையில் சாப்பிட மாட்டேன். ஹாஸ்டலில் ஒன்பது மணிக்கு எழுந்திருக்கிற சோம்பேறிக்கு இட்லி எங்கே மிஞ்சும்? அப்படித்தான் ஆரம்பித்தது. அப்புறம் அதுவே ஸ்டைலாகிவிட்டது. "நமக்கெல்லாம் ஒரே வேளைதான்" என்று வகுப்பில் எல்லோரிடமும் அளந்துவிடுவேன். இடுப்பு ஒல்லியாக இருந்தால்தானே பெல்பாட்டம் எடுப்பாக நிற்கும்! ராத்திரி மெஸ்ஸுக்கும் பல நாள் மட்டம். எங்கள் ஊர் கொழிஞ்சாம்பாறை தாண்டி. நெல், கடலை, கரும்பு என்று சொந்தத் தோட்டம். கேரளா முழுக்க அரிசிக்குப் பறந்துகொண்டிருந்த அந்த வருஷத்திலும் எங்கள் வீட்டுக் குதிர் காலியாகவில்லை. சோற்றை வேண்டாம் என்று சொல்கிற கொழுப்பு அப்படிப்பட்ட வீட்டில் பிறந்தவனுக்குத்தான் வரும்.

என் நண்பன் இதற்கு நேர் எதிர். மணி அடிப்பதற்கு முன்னால் மெஸ் வாசலில் நிற்பான். இலையில் ஒரு பருக்கை மிஞ்சாது. நான் அவனை 'அண்டா' என்று கூப்பிடுவேன். அவன் என்னை, காற்றைக் குடித்து வாழ்கிற பாம்பு என்பான்.

அவன் சாப்பாட்டை வேண்டாம் என்று சொல்லி நான் பார்த்தது ஒரே ஒரு தடவைதான். அந்த வருஷம் மாட்டுப்பொங்கலுக்கு எங்கள் தோட்டத்துக்கு வந்திருந்தான். நல்ல உச்சி வெயில் நேரம். உள்ளே வாடா, சாப்பிடலாம் என்றால், "பசிக்கலைலே" என்றான். மோட்டார் ரூம் படியில் உட்கார்ந்து இரண்டு இளநீரைக் குடித்துவிட்டு அடுத்த பஸ்ஸில் போய்விட்டான். "பாத்தியா, நம்ம சகவாசத்துல அண்டாவே சுருங்கிப் போச்சு" என்று ஹாஸ்டல் முழுக்கச் சொல்லிச் சிரித்தேன். அவனும் சிரித்தான்.

சரி, எஸ்டேட்டுக்கு வருகிறேன். கிளம்பும்போது எங்கள் அம்மா ஐந்து படி அரிசியை மூட்டை கட்டிக் கொண்டுவந்தார். "ஒருத்தரூட்டுக்குப் போறே, வெறுங்கையை வீசிக்கிட்டா போவே?" பெல்பாட்டம் போட்டுக்கொண்டு அரிசி மூட்டை சுமப்பதா! "செக்போஸ்ட்டுல புடுங்கிக்குவாங்கம்மா" என்று சாக்குச் சொல்லித் தப்பித்தேன். அது முழுப் பொய்யும் இல்லை. பாலக்காட்டில் நண்பனோடு பஸ் ஏறி, வாளையாறு தாண்டி, கோயமுத்தூர், கம்பம் எல்லாம் சுற்றிக் குமுளியில் மறுபடி கேரளாவுக்குள் நுழையும்போது, பஸ்ஸில் ஏறிய போலீஸ்காரர் ஒவ்வொரு பையையும் அமுக்கிப் பார்த்தார். சேலைக்குள் அரிசியைக் கட்டிக்கொண்டு வந்த இரண்டு பெண்கள் மூச்சுக்கூட விடாமல் உட்கார்ந்திருந்தார்கள். எனக்கு அது சினிமா மாதிரி இருந்தது.

குமுளியில் அடுத்த பஸ்ஸுக்கு நேரம் இருந்ததால் நான் நாலு பரோட்டா சாப்பிட்டேன். அவன் தொடவில்லை. "வீட்டுல அம்மா ஆக்கி வச்சிருக்கும்" என்றான்.

ஆக்கித்தான் வைத்திருந்தார். லயம் என்றால் வரிசையாக ஒட்டிக் கட்டின வீடுகள். ஒரு அறை, ஒரு அடுப்படி, அவ்வளவுதான். நாங்கள் போய்ச் சேரும்போது பொழுது சாய்ந்திருந்தது. கால் கழுவி உட்கார்ந்த உடனே எனக்கு முன்னால் வாழை இலை விழுந்தது. வெள்ளை வெளேரென்று சோறு, கருவாட்டுக் குழம்பு. எனக்குக் கழுத்து வரைக்கும் பரோட்டா.

"இல்லீங்கம்மா, வேணாமுங்க. பசிக்கலீங்க."

எங்கள் பக்கம் ஒரு வழக்கம் உண்டு. விருந்தாளி இரண்டு தடவையாவது வேண்டாம் என்று சொல்ல வேண்டும். எடுத்ததும் உட்கார்ந்துவிட்டால் பஞ்சத்தில் அடிபட்டவன் என்று நினைத்துக்கொள்வார்கள். வீட்டுக்காரர்கள் மூன்றாவது தடவை கையைப் பிடித்து உட்கார வைப்பார்கள். அந்த அம்மாவும் அப்படிப் பிடித்து இழுத்திருந்தால் நான் நாலு வாய் சாப்பிட்டிருப்பேன். அவர் இழுக்கவில்லை. என் முகத்தை ஒரு தடவை பார்த்தார். "சரிய்யா" என்று சொல்லி இலையை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குள் போய்விட்டார். பரவாயில்லை, டீசண்டான வீடு, தொந்தரவு பண்ணவில்லை என்று நினைத்துக்கொண்டு படுத்தேன். பஸ் அலுப்பு. படுத்ததும் தூங்கிவிட்டேன்.

காலையில் நல்ல பனி. அம்மா கட்டன் சாயா கொண்டுவந்து நீட்டினார். நம்முடைய வாய் சும்மா இருக்குமா?

"பால் இல்லாத டீ பழக்கமில்லீங்கம்மா. காலைல நான் எதையுமே தொடமாட்டனுங்க. எனக்காக ஒண்ணும் பண்ணாதீங்க."

அதை நான் பெருந்தன்மையாகச் சொன்னதாகத்தான் நினைத்தேன். நண்பன் ஒரு பாட்டிலை எடுத்துக்கொண்டு, பால் வாங்கி வருகிறேன் என்று கீழே டவுனுக்கு நடந்தான். அப்பா ஃபாக்டரிக்குப் போனார். அம்மாவும் அக்காவும் கூடையை மாட்டிக்கொண்டு மலைக்குப் போனார்கள். போகும்போது அக்கா என்னை ஒரு முறை முறைத்தார். எனக்குப் புரியவில்லை.

பத்து மணி இருக்கும். கூலிங் கிளாஸை மாட்டிக்கொண்டு தேயிலைக்குள் உலாத்தப் போனேன். பெண்கள் வேலையை நிறுத்திவிட்டுப் பாதை ஓரத்தில் வரிசையாக உட்கார்ந்து தூக்குச்சட்டியைத் திறந்துகொண்டிருந்தார்கள்.

"யாருடி இது, கருப்புக் கண்ணாடி? தொரை வீட்டு மருமகனா?"

"எங்க வீட்டுக்கு வந்திருக்காரு" என்றார் அக்கா. குரலில் சுரத்தே இல்லை. அவருடைய சட்டி மூடினபடியே மடியில் இருந்தது.

நான் சும்மா போயிருக்கலாம். "ஏனுங்க்கா, நீங்க சாப்புடலீங்களா? நம்மளாட்ட டயட்டுங்களா?" என்று கேட்டேன்.

அவ்வளவுதான்.

"சாப்புடலை. நேத்து ராத்திரியும் சாப்புடலை. அம்மா சாப்புடலை, அப்பா சாப்புடலை, எந்தம்பியும் சாப்புடலை. வந்த ஆளு எலையைத் தள்ளிட்டுப் படுத்துட்டா, வீட்டுக்காரங்க மட்டும் அள்ளித் திம்பாகளா? எங்கள்ல அப்படி வழக்கம் கெடையாது."

"அக்கா, நான் குமுளியிலயே பரோட்டா..."

"கடைப் பரோட்டா எறங்குது. எங்க வீட்டுச் சோறு எறங்கலை. சாயாவைக்கூடத் தொடலை. நீங்க பெரிய தோட்டத்துக்காரங்க. எங்க கையில வாங்கிச் சாப்புட ஒங்களுக்கு ஒப்பலை. அதை எந்தம்பிகிட்ட மொதல்லயே சொல்லியிருந்தா, எங்க அம்மா அந்த வெள்ளை அரிசிக்கு வீடு வீடா அலைஞ்சிருக்காதுல்ல?"

எனக்குக் காது இரண்டும் சுட்டது. பட்டினி கிடந்தவர் சட்டியை எதற்குத் தூக்கிக்கொண்டு வந்தார் என்று அப்புறம்தான் தெரிந்தது. வெறுங்கையோடு மலைக்குப் போனால் பக்கத்து வீட்டுக்காரி கேட்பாள், விருந்தாளி சாப்பிடாத விஷயம் லயம் முழுக்கத் தெரிந்துவிடும். அந்த மானக்கேட்டை மறைப்பதற்காக ஒரு சட்டி.

மேலே ஒரு நிரையில் அம்மா இன்னும் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தார். சாப்பிடுகிற கூட்டத்துக்கு வராமல் இருக்க அது ஒரு வழி. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அவர் கை நின்றது. கண்ணை மூடிக்கொண்டு செடியைப் பிடித்தார். அப்படியே சரிவில் உட்கார்ந்துவிட்டார். கூடை சாய்ந்து கொழுந்து கொட்டியது.

அக்காவும் நானும் ஓடினோம். "ஒண்ணுமில்ல, பித்தம்" என்றார் அம்மா. அந்த நிலைமையிலும் என்னைப் பார்த்து, "ஒங்களுக்குப் பாலு வந்துருச்சாய்யா?" என்று கேட்டார்.

மன்னிச்சிருங்க என்று வாயால் சொன்னால் நம்பியிருக்க மாட்டார்கள். அக்கா கையிலிருந்த சட்டியைப் பிடுங்கித் திறந்தேன். அவித்த கப்பை, அதுதான் மரவள்ளிக்கிழங்கு, மேலே காந்தாரி மிளகாய்த் துவையல். எங்கள் வீட்டில் கிழங்கு மாட்டுக்கு வேகும். ஒரு பெரிய துண்டை எடுத்து, துவையலை நன்றாகத் தோய்த்து, அப்படியே வாயில் போட்டேன்.

காந்தாரியைப் பற்றி எனக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை.

கண்ணில், மூக்கில், காதில் எல்லாம் தண்ணீர். விக்கல் வேறு. நிறுத்தினால் இதையும் தப்பாக நினைத்துக்கொள்வார்களோ என்று பயந்து அடுத்த துண்டையும் தோய்த்துப் போட்டேன்.

"அடியே, சாயாவைக் குடுங்கடி! தோட்டத்துக்காரரு உசுரு போகப் போகுது!" என்று யாரோ கத்தினார்கள். அக்கா சிரித்துவிட்டார். கருப்பட்டி போட்ட கட்டன் சாயாவைப் பாட்டிலோடு வாங்கிக் குடித்தேன். அப்புறம் ஒரு துண்டை எடுத்து அம்மா கையில் வைத்தேன்.

"நீங்க தின்னாத்தானுங்கம்மா மிச்சத்தை நான் திம்பேன்."

அவர் கிழங்கைப் பார்த்தார், என் மூக்கைப் பார்த்தார். "தொவையலைத் தொட்டு நக்கணும்யா. அள்ளித் திங்கக்கூடாது" என்று சொல்லிவிட்டு வாயில் போட்டுக்கொண்டார். அக்காவும் ஒரு துண்டை எடுத்தார். மூன்று பேருமாக அந்தச் சட்டியைக் காலி பண்ணினோம்.

விஷயம் அதோடு முடியவில்லை. "அவ சட்டியில தின்னீக. எங்க சட்டி என்ன ஓட்டையா?" என்று அடுத்த பெண் ஆரம்பித்தார். ரேஷன் கோதுமையில் தட்டின ரொட்டி, கேப்பைக் களி, மக்காச்சோளக் கஞ்சி, சுட்ட கருவாடு. ஒருவரிடம் வாங்கிவிட்டு இன்னொருவரிடம் வேண்டாம் என்று சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. ஒன்பது சட்டி. 'ஒரே வேளைதான்' என்று ஊரெல்லாம் அளந்தவன், காலை பத்து மணிக்கு ஒன்பது வீட்டுச் சாப்பாட்டைச் சாப்பிட்டேன். கடைசியில் பெல்பாட்டம் கொக்கியைக் கழற்ற வேண்டியதாகிவிட்டது.

மத்தியானம் வீட்டில் அந்த வெள்ளைச் சோறு, தண்ணீர் ஊற்றி, எனக்காகக் காத்துக்கொண்டிருந்தது. விடுவார்களா? எல்லோரும் சேர்ந்து உட்கார்ந்தால்தான் சாப்பிடுவேன் என்று நான் அடம்பிடித்தேன். அம்மா தலையில் அடித்துக்கொண்டார். "இந்தப் புள்ள சாப்புடாட்டியும் வம்பு, சாப்புட்டாலும் வம்பு" என்று சொல்லிக்கொண்டே என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

சாயங்காலம் நானும் நண்பனும் ஃபாக்டரி ரோட்டில் நடந்தோம். பால் பாட்டிலோடு வந்தவனுக்கு மலையிலேயே கதை கிடைத்துவிட்டது. வழியெல்லாம் என்னைக் கிண்டல் பண்ணிக்கொண்டு வந்தான்.

"என்னைப் பத்தி உனக்குத் தெரியுமல்லடா? உங்கம்மாகிட்டச் சொல்லியிருக்கலாமில்ல?" என்றேன்.

"சொன்னேம்லே. அம்மா நம்பலை." "சாயாவையும் வேண்டாம்னியா, எனக்கே ஒரு நிமிசம் சந்தேகம் வந்துருச்சு."

"ஒன்றரை வருஷமா ஒரே ரூம்ல இருக்கறோம்."

"அது ஹாஸ்டல். இது வீடு."

அப்போதுதான் மாட்டுப்பொங்கல் ஞாபகம் வந்தது. கால் நின்றுவிட்டது.

"டேய், அன்னைக்கு எங்க தோட்டத்துல பசிக்கலைன்னு சொன்னயே?"

அவன் சிரித்தான். "பசிச்சுதுலே. நல்லாப் பசிச்சுது. ஒங்க வீட்டுல எந்தப் பாத்திரத்துல குடுப்பாகன்னு தெரியலை. எளனின்னா அந்த வம்பு இல்ல பாரு."

எங்கள் வீட்டு மாட்டுக் கொட்டகையில், வேலைக்கு வருகிறவர்களுக்கென்று தனியாக நாலு அலுமினிய டம்ளர் ஆணியில் தொங்கும். பிறந்ததிலிருந்து தினமும் அதைத் தாண்டித்தான் போய் வந்துகொண்டிருந்தேன். ஒரு நாளும் ஏன் என்று கேட்டதில்லை. என்னைப் பற்றி அந்த அக்கா நினைத்தது தப்பு. எங்கள் வீட்டைப் பற்றி நினைத்தது சரி.

அடுத்த பொங்கலுக்கு அவனை மறுபடி கூட்டிக்கொண்டு போனேன். நடுவீட்டில் இரண்டு இலை போடச் சொன்னேன். எங்கள் அம்மா கொஞ்ச நேரம் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். அப்புறம் அவரே வந்து பரிமாறினார். "சாப்புடு சாமி, கூச்சப்படாதே" என்றார். எங்கள் அப்பா தோட்டத்தில் வேலை இருக்கிறது என்று போனவர், அவன் பஸ் ஏறினதுக்கு அப்புறம்தான் வந்தார். எங்கள் பக்கத்து வழக்கப்படி இரண்டு தடவை வேண்டாம் என்று சொல்லணும்டா என்று நான் அவனுக்குச் சொல்லிக் கொடுத்துத்தான் கூட்டி வந்திருந்தேன். படுபாவி, ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. மூன்று தடவை சோறு வாங்கினான்.

அந்த டம்ளர்களைத் தூக்கி எறிந்துவிட்டேன் என்று எழுத ஆசைதான். மூன்று வருஷமாகியும் இன்னும் எறியவில்லை. அப்பாவோடு சண்டை நடந்துகொண்டிருக்கிறது. ஆனால் இப்போது நான் காலையில் ஒழுங்காகச் சாப்பிடுகிறேன். யார் வீட்டில் இலை போட்டாலும் முதல் அழைப்பிலேயே உட்கார்ந்துவிடுகிறேன். எங்கள் வீட்டு வாசலில் நின்றுகொண்டு யாராவது 'பசிக்கலீங்க' என்று சொன்னால் மட்டும், என் கண் தானாகவே அந்த ஆணிப் பக்கம் போய்விடுகிறது.