குமிழி நின்ற பிறகு

நெஞ்சின் இடது பக்கம் சுருக்கென்று குத்தியபோது ஒரு காருக்கு டயர் கழற்றிக்கொண்டிருந்தேன். வாயுவாக இருக்கும் என்று நினைத்தேன். எங்கள் வீட்டில் காலில் பிடித்தாலும் வாயு, முதுகில் பிடித்தாலும் வாயு. ஒரு சோடா வாங்கிக் குடித்தேன். ஏப்பம் வந்தது, வலி போகவில்லை.

திருவிடந்தையில் கிழக்குக் கடற்கரைச் சாலையோரம் எனக்குப் பஞ்சர் கடை. காற்று அடிப்பதுதான் பிழைப்பு. கடலில் காற்று வாங்கப் போகிறவர்களின் டயரில் காற்று இறங்கினால் எனக்கு வரும்படி. வண்டி வராத நாளில், கடையே காத்து வாங்குகிறது என்று மனைவி மேரி கிண்டலடிப்பாள். இத்தனை காலம் சோறு போட்ட காற்று என் நெஞ்சுக்குள்ளேயே புகுந்து அமுக்கும் என்று யார் நினைத்தார்கள்?

மறுநாள் நாலடி நடந்தாலே மூச்சு வாங்கியது. உச்சி வெயிலில் கடற்கரைப் பக்கம் போனதால் காத்து கருப்பு அடித்திருக்கும், மந்திரித்தால் சரியாகும் என்றார் பக்கத்து வீட்டம்மா. மேரி அதைக் காதில் வாங்கவில்லை. ஆட்டோ பிடித்துச் செங்கல்பட்டு அரசு மருத்துவமனைக்கு அழைத்துப் போனாள். உங்களுக்கு இப்படிக் குத்தினால் என்னைப்போல சோடாவைத் தேடாதீர்கள்.

எக்ஸ்ரேயைப் பார்த்த பெண் மருத்துவர், நியூமோதோராக்ஸ் (நுரையீரலில் விழுந்த ஓட்டை வழியாகக் காற்று கசிந்து, நெஞ்சுக்கூட்டில் தேங்கி, நுரையீரலைச் சுருங்க வைப்பது) என்றார். விலா எலும்புகளுக்கு நடுவே குழாய் போட்டார்கள். அதன் மறுமுனை கட்டிலுக்கடியில் ஒரு பாட்டில் தண்ணீருக்குள் இருந்தது. தேங்கிய காற்று அதன் வழியே குமிழியாக வெளியேறியது.

எனக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தால் வலித்தது. கடையில் ட்யூபைத் தொட்டித் தண்ணீரில் அமுக்கி ஓட்டையைத் தேடுகிறவன் நான். இங்கே ட்யூபும் நானே.

"ஓட்டை தானா மூடிக்கும். மூடலன்னா ஆபரேஷன் பண்ண வேண்டி வரும்" என்றார் மருத்துவர்.

பயந்துவிட்டேன். ஆபரேஷனுக்குப் பிறகு ஜாக்கி தூக்க முடியாமல் போனால்? வேறு தொழில் தெரியாது. அன்றிலிருந்து பாட்டிலையே பார்த்துக்கொண்டு கிடந்தேன்.

ஒரு மத்தியானம் குமிழி நின்றது. இருமிப் பார்த்தேன், வரவில்லை. தொட்டியில் குமிழி வராவிட்டால் வேலை முடிந்தது என்றுதான் எனக்குத் தெரியும். ஓட்டை அடைபட்டுவிட்டது என்று மேரியிடம் சொன்னேன். அவள் கழுத்துச் சிலுவையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

கொஞ்ச நேரத்தில் நெஞ்சு இறுகியது. நான் வாய் திறக்கவில்லை. சொன்னால் ஆபரேஷன் என்பார்களோ என்ற பயம் ஒரு பக்கம். குமிழியே இல்லாதபோது உள்ளே காற்று ஏது என்ற நினைப்பு இன்னொரு பக்கம். பாட்டிலை நம்பினேன், உடம்பை நம்பவில்லை.

"இன்னா மாமா, பேச்சு பாதி பாதியா வர்து?" என்றாள் மேரி. பதிலுக்குக் காத்திருக்காமல் ஓடிப்போய் நர்ஸைக் கூட்டிவந்தாள்.

நர்ஸ் என்னைப் புரட்டினார். குழாய் என் இடுப்புக்கடியில் மடங்கிக் கிடந்தது. நிமிர்த்தியதும் பாட்டில் உலைபோலக் கொதித்தது. மூச்சு வந்தது. வார்டில் எல்லோரும் பார்க்க அழுதேன்.

பிறகு மருத்துவர் வந்து சொன்னார்: "குமிழி நின்னா மட்டும் போதாது. நீங்க மூச்சு விடறப்ப குழாய்க்குள்ள தண்ணி ஏறி எறங்கணும். திடீர்னு ரெண்டும் நின்னு, நெஞ்சு இறுகினா உடனே கூப்பிடுங்க."

அதன்பின் குழாயைப் பத்திரமாகப் பார்த்துக்கொண்டேன். உறிஞ்சினால் பந்துகள் மேலேறும் கருவியில் மூச்சுப் பயிற்சி செய்தேன். குமிழி மெல்லக் குறைந்து நின்றது. இந்த முறை தண்ணீர் ஏறி இறங்கியது. எக்ஸ்ரேயில் நுரையீரல் விரிந்திருந்தது. ஆபரேஷன் இல்லாமலே குழாயை எடுத்தார்கள். திரும்ப வரலாம் என்றும் எச்சரித்திருக்கிறார்கள். இத்தனை நாள் இழுத்த பீடியை விட்டாயிற்று.

இப்போது கடைக்கு வருகிறேன். முன்பெல்லாம் வாடிக்கையாளரின் அவசரமே என் கடிகாரம். நேற்று பைக் ட்யூபுக்கு ஒட்டுப்போட்டுத் தொட்டியில் அமுக்கினேன். ஒரு குமிழியும் இல்லை. தண்ணீர் அசையாமல் கிடந்தது. எனக்குள் ஏதோ திடுக்கிட்டது. கையை எடுக்காமல் மூச்சை நிதானமாக இழுத்தேன். முழுசாக உள்ளே போனது.

"ஆச்சா அண்ணாத்த? டைமாவுது" என்றான் பைக்கில் வந்தவன்.

"ஒன்னுது ஆச்சு" என்றேன். "இரு, நான் மூச்சு விட்டுக்கறேன்."