மகன் கல்யாணத்துக்கு வைத்திருந்த ஒயின்

பாரிஸில் வேலை பார்க்கும் எங்கள் மகன் ஒவ்வொரு விடுமுறைக்கும் ஓர் ஒயின் பாட்டில் கொண்டுவருவான். பிரான்ஸ், இத்தாலி, ஸ்பெயின், போர்ச்சுகல். அவன் கல்யாணத்தன்று திறக்கலாம் என்று என் மனைவி அவற்றை அடுப்படிப் பரணில் பத்திரப்படுத்தியிருந்தாள்.

இன்று போனில், "அப்பா, போன மாசம் இங்கயே கல்யாணம் முடிச்சிட்டோம். அம்மாகிட்ட நீங்களே சொல்லிடுங்க" என்றான்.

சொன்னேன். அவள் அழவில்லை. பாட்டில்களை இறக்கித் திறக்கச் சொன்னாள்.

வக்கீல் தொழிலில் முப்பது வருஷமானாலும் ஒயினில் எனக்குப் பயிற்சி இல்லை. இருப்பினும் ஒவ்வொன்றையும் நிதானமாகச் சுவைத்தேன். தஞ்சாவூர் வெக்கையில் நான்குமே புளித்துக் காடியாகிவிட்டிருந்தன.

அவளும் ஒரு வாய் குடித்துப் பார்த்தாள்.

"ஏங்க, நல்லா இருந்துச்சுன்னே அவன்கிட்ட சொல்லுங்க. புள்ள ஆசையா வாங்கிட்டு வந்தது."

அப்படியே எழுதி அனுப்பிவிட்டேன். இது பொய்ச்சாட்சியில் சேருமா என்று சக வழக்கறிஞர்கள் யாராவது சொல்லுங்கள்.