நான் வாங்காத மவுண்டன் பைக்

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். போர் முடிகிற நாட்களில், வன்னியில் என் தம்பி உயிரோடு இருக்கிறானா என்று தெரியாதிருந்தபோது, நான் ரொறன்ரோவில் மவுண்டன் பைக் வாங்க அலைந்தேன். நான் அதுவரை ஏறிய உயரம் டோர்செட் பார்க்கில் எங்கள் பதினாலாம் மாடி. அதுவும் லிஃப்டில்.

காலையில் போரை நிறுத்தச் சொல்லி எங்கள் சனத்தோடு வீதியில் பதாகை பிடித்து நிற்பேன். மாலையில் சைக்கிள் கடைக்குப் போய்விடுவேன். முன்சில்லுக்கு மட்டும் ஸ்பிரிங் உள்ள ஹார்ட்டெயிலா, இரண்டு சில்லுக்கும் உள்ள ஃபுல் சஸ்பென்ஷனா என்று மூன்று வாரம் கடைக்காரரைக் குடைந்தேன். அப்போது நான் முடிவெடுக்கக்கூடியதாக இருந்தது அது ஒன்றுதான்.

ஒருநாள் அவர், எவ்வளவு மோசமான பாதையில் ஓடப்போகிறீர்கள் என்று கேட்டார். தம்பி அந்த நேரம் எந்தப் பாதையில் வந்துகொண்டிருப்பான் என்று நினைத்தேன். சைக்கிள்களுக்கு நடுவே தரையில் குந்தியிருந்து அழுதேன். அவர் கடை பூட்டும்வரை பக்கத்தில் இருந்தார்.

சில வாரங்களின் பின் அகதி முகாமிலிருந்து தம்பி போனில் பேசினான். காலில் காயப்பட்ட மனைவியைச் சைக்கிளின் பின் கரியரில் இருத்தி, சேற்றுக்குள்ளால் உருட்டிக்கொண்டு வந்தானாம். அழுது முடித்தபின் என் மவுண்டன் பைக் கூத்தையும் சொன்னேன்.

"அண்ணை, உந்த ரெண்டிலயும் கரியர் இருக்கோ?"

"இல்லையடா."

"அப்ப உதுகளை ஏன் பாத்தனீங்கள்?"