மால்வண் பஸ்ஸுக்காக நின்றவர்

ஞாயிற்றுக்கிழமை காலை பதினொன்றே காலுக்கு, மேற்குக் கரையிலுள்ள மால்வண் கடலுக்கு ஸ்கூபா டைவிங் போயிருந்த என் மகளின் போன் அணைந்துபோனது. மறுநாள் விடியற்காலையில் அவள் வரவேண்டிய பஸ்ஸுக்காக எங்கள் வீட்டுக்கு அருகிலுள்ள வாகட் பாலத்தடியில் ஜனவரிக் குளிரில் நடுங்கிக்கொண்டு நின்றேன்.

பக்கத்தில் குரங்குக் குல்லாய் போட்ட கோயம்புத்தூர்க்காரர் ஒருவர் பெரிய பிளாஸ்க்கிலிருந்து டீயை ஊற்றி ஊற்றிக் குடித்துக்கொண்டிருந்தார். எனக்கும் தந்தார். மகளின் போன் அணைந்துபோனதை அவரிடம் சொன்னேன்.

"பயப்படாதீங்க சார். மழைக்காலத்துலதான் தண்ணி கலங்கிரும், யாரையும் எறக்கமாட்டாங்க. ஜனவரியில கண்ணாடியாட்ட இருக்குமுங்க. கிளிமீன் பவளப்பாறையைக் கடிக்கிற சத்தங்கூடக் கேக்குமாம்."

"நீங்க இறங்கியிருக்கீங்களா?"

"நானா? நீச்சல்குளத்துப் பக்கமே போகமாட்டனுங்க. வீட்டம்மாதான் வருசந்தவறாமப் போறா. போனா ஒரு போன் பண்ணமாட்டா. நானும் கவலைப்படறதில்லீங்க."

இப்படியும் ஒரு மனிதரா என்று பொறாமையாக இருந்தது.

பஸ் வந்ததும் மகள் குதித்து இறங்கினாள். "போன் கடல்ல விழுந்துடுச்சுப்பா. ஃபிரெண்ட் போன்ல கூப்பிடலாம்னா உங்க நம்பர் ஞாபகம் இல்ல!"

அவள் பையை வாங்கித் தோளில் மாட்டிக்கொண்டேன்.

அவளுக்குப் பின்னால் இறங்கிய நரைத்த தலை அம்மாள், கோயம்புத்தூர்க்காரர் கையிலிருந்த பிளாஸ்க்கை வாங்கி ஆட்டிப் பார்த்தார்.

"ஒரு சொட்டு இல்ல. இந்தத் தடவையும் நடுராத்திரியே வந்து நின்னுட்டீங்களாக்கும்?"