பஸ்ஸுக்கு ஆறு நிமிடம்

தொண்ணூறுகளின் பின்பாதியில், நியூ ஜெர்சியில் ஐசலினை ஒட்டிய மூன்று ஊர்கள் சேர்ந்து மக்களுக்கென்று ஒரு டெலிவிஷன் நிலையம் தொடங்கின. லாப நோக்கமில்லாத அமைப்பு. கேபிளில் ஒரு சேனல், மூடிப்போன பள்ளி ஒன்றில் ஸ்டுடியோ. யார் வேண்டுமானாலும் நிகழ்ச்சி செய்யலாம். அதன் ஆரம்பக் குழுவில் இந்தியர்கள் சார்பில் என்னைப் போட்டிருந்தார்கள். சென்னையில் ஒரு நாளிதழில் உதவி ஆசிரியராக இருந்தவன் என்பதுதான் என் தகுதி. மூன்று ஊர்களில் எதன் பெயர் முதலில் வருவது என்பதற்கு மட்டும் நான்கு கூட்டம் நடந்தது. தமிழ்ச் சங்கத்தில் பழகியிருந்த எனக்கு எதுவும் புதிதாகத் தெரியவில்லை.

நிலையத்தின் விதி ஒன்றுதான். ஆறு சனிக்கிழமை வகுப்புக்கு வந்து கேமரா கற்றவர் ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் கையெழுத்துப் போட வேண்டும். போட்டால் அவருடைய குழுவுக்கு வாரம் அரை மணி நேரம். எங்கள் சங்கத்தின் செயற்குழுவில் பதினோரு பேர்; டாக்டர்கள், இன்ஜினியர்கள். ஒருவருக்கும் சனிக்கிழமை ஒழியவில்லை. வகுப்புக்குப் போனவர், கணவரின் விசாவில் வந்து, வேலை பார்க்க அனுமதியில்லாமல் அபார்ட்மெண்டில் அடைந்து கிடந்த ஓர் ஈரோட்டுப் பெண். கார் ஓட்டத் தெரியாது. ஆறு வாரமும் பஸ்ஸில் போய் வந்தார்.

அவர் படம் பிடித்துக்கொண்டு வந்ததும் பஸ்ஸைத்தான். அவரைப் போன்ற நான்கு பெண்கள் அதே கட்டடத்தில் இருந்தார்கள். பால் வாங்கக்கூடக் கணவர் காரோடு வர வேண்டும். அவர்களுக்காக ஆறு நிமிடம்: எங்கே நிற்பது, சில்லறையைப் பெட்டியில் போடுவது, கண்டக்டர் இல்லாத பஸ்ஸில் ஜன்னலோரக் கயிற்றை இழுத்து நிறுத்தச் சொல்வது, நூலகத்தில் இறங்குவது.

சங்கத் தலைவர் அதைப் பார்த்தார். “எல்லாம் ஓகேம்மா, பஸ் மட்டும் வேணாம். நம்ம ஆளுங்க கார் இல்லாம நிக்கறாங்கன்னு நாமளே டெலிகாஸ்ட் பண்ணணுமா?”

“நிக்கறது நெசந்தானுங்களே அங்கிள்.”

நிகழ்ச்சியின் கடைசியில் சேர்த்துக்கொள்ளலாம் என்று தலைவர் வாக்குக் கொடுத்தார். அதை நம்பி அவர் முதல் வாரத்துக்குக் கையெழுத்துப் போட்டார்.

பதிவு நாளில் குத்துவிளக்கு வந்தது. ஸ்டுடியோவுக்குள் நெருப்புக்குத் தடை என்பதால் ஐந்து முகத்திலும் பல்பு. தலைவரின் மனைவி கொளுத்தாத மெழுகுவர்த்தியை முதல் பல்பருகில் கொண்டுபோக, மேஜைக்குப் பின்னால் குந்தியிருந்த செயலாளர் சுவிட்சைப் போட்டார். ஐந்தும் ஒரே நேரத்தில் எரிந்தன. அந்த அம்மாள் அசரவில்லை; எரிந்துகொண்டிருந்த மற்ற நான்கையும் முறைப்படி ஏற்றிவிட்டுத்தான் உட்கார்ந்தார். பிறகு வரவேற்புரை. பிறகு பதினோரு பேர் அறிமுகம். விருந்தினர் யாரையும் அழைக்காததால் பதினோரு பேரும் ஒருவருக்கொருவர் பொன்னாடை போர்த்திக்கொண்டார்கள். நன்றியுரையில் விளக்கைக் கொடுத்தவருக்கும் நன்றி.

எடிட்டிங்கை என்னிடம் விட்டார்கள். பஸ்ஸோடு சேர்த்து மொத்தம் முப்பத்து நான்கு நிமிடம் வந்தது. சேனலில் கிடைப்பது இருபத்தெட்டு. யாருடைய பொன்னாடையும் விட்டுப்போகக் கூடாது என்று செயலாளர் இரண்டு முறை போன் செய்தார். நான் பஸ்ஸை வெட்டினேன். ஒரு பட்டன்தான்.

ஒளிபரப்பான அன்று அந்தப் பெண் நான்கு பேரையும் வீட்டுக்கு அழைத்து டிவி முன் உட்கார வைத்திருந்தாராம். மறுநாள் என்னை அழைத்தார்.

“நீங்க பேப்பர்ல இருந்தவருதானுங்ணா? இதுல எது நியூஸ்னு உங்களுக்குத் தெரியலீங்களா?”

நேரம் போதவில்லை என்றேன். “சரிங்ணா” என்று வைத்துவிட்டார்.

இரண்டாவது வாரத்துக்கு, பொன்னாடை கிடைக்காத துணைக்குழுக்கள் காத்திருந்தன. படிவத்தில் கையெழுத்து வாங்கத் தலைவரே ஸ்வீட் பெட்டியோடு அந்தப் பெண்ணின் வீட்டுக்குப் போனார். துணைக்கு என்னையும் அழைத்துக்கொண்டார். காப்பி வந்தது. கையெழுத்து வரவில்லை.

“மொதல்ல பஸ்ஸு போவட்டுங்க அங்கிள். பொன்னாடை அப்பறம் பாத்துக்கலாம்.”

“உன்னாலதான் தமிழ் புரோகிராம் நின்னுதுன்னு பேர் வரும்மா.”

“வரட்டுங்க.”

நின்றது. எங்கள் அரை மணி நேரம், காத்திருப்போர் பட்டியலில் அடுத்திருந்த நாய் வளர்ப்போர் சங்கத்துக்குப் போனது. செயற்குழு அந்தப் பெண்ணுக்கு எதிராகக் கண்டனத் தீர்மானம் போட முடிவு செய்து, நல்ல தமிழில் எழுதித் தரும்படி என்னைக் கேட்டது. காய்ச்சல் என்று சொல்லித் தப்பித்தேன். முடியாது என்று சொல்லியிருக்கலாம்.

நாய் வளர்ப்போருக்குப் போர்த்திக்கொள்ளப் பொன்னாடை இல்லை. நாயைக் காட்டினார்கள், குளிப்பாட்டும் விதத்தைச் சொன்னார்கள், சீக்கிரமே முடித்தார்கள். மிஞ்சும் இடைவெளியை நிரப்ப, வகுப்பில் கற்றவர்களின் சிறு படங்களை அவரவர் கையெழுத்தோடு நிலையம் கேட்டு வாங்கிக்கொண்டது. பஸ் வந்தது. அடுத்த வாரமும் வந்தது. மூன்றாவது வாரம் தலைவர் எனக்குப் போன் செய்தார்.

“ஸ்டேஷன் கமிட்டில இருக்கீங்களே சார், அதக் கொஞ்சம் ஸ்டாப் பண்ணக் கூடாதா?”

கையெழுத்துப் போட்டவர்தான் நிறுத்த முடியும் என்றேன்.