ஏப்ரலில் தொடங்கிய வருடம்

விற்பனை எண்களை வரைபடமாக்குகிற எங்கள் தொழிலில் கணக்குப் பிழைத்தாலும் சமாளிக்கலாம். பன்னிரண்டு மாதங்களையும் ஒழுங்காக வரிசையில் நிற்கவைக்கத் தெரியாவிட்டால் தப்ப வழியே இல்லை. வரைபடம் போடும் மென்பொருளோடு தினமும் மாரடிப்பவர்களுக்கு நான் சொல்வது புரியும். மற்றவர்கள் கொடுத்து வைத்தவர்கள்.

நான் சேர்ந்தது டண்டினொங்கில் ஐஸ்கிறீம் மொத்த விற்பனை செய்யும் ஒரு கம்பனியில். ரோவிலில் என் பக்கத்துத் தெருவில் இருக்கும் மலர் அக்காவும் அங்கேதான், பெட்டி அடைக்கும் பகுதியில் வேலை. காலையில் அவருடைய காரில்தான் போவேன். நாலு வருடமாக அவர் காஷுவல். அடுத்த கிழமை வேலை உண்டா என்று வெள்ளிக்கிழமை போனில் செய்தி வந்தால்தான் தெரியும். விற்பனை ஏறினால் அவரையும் அவரோடு நிற்கும் ஆறு பேரையும் நிரந்தரமாக்குவதாக மனேஜர் சொல்லியிருந்தார். ஏறுகிறதா இறங்குகிறதா என்று காட்டும் படம் என் கையில்.

சித்திரைப் புத்தாண்டு

முதல் படத்தைப் பெருமையோடு மனேஜரிடம் காட்டினேன். மாதப் பெயர்களை மென்பொருள் வெறும் சொற்களாக எடுத்து, ஆங்கில அகரவரிசையில் அடுக்கி வைத்திருந்தது. ஏப்ரல் முதலில், அடுத்தது ஓகஸ்ட், கடைசியில் செப்டெம்பர். வருடம் சித்திரையில்தான் பிறக்கும் என்று சொல்லித் தப்ப, அவர் தமிழரும் இல்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு, மிகவும் மரியாதையாகக் கேட்டார்: "பெப்ரவரிக்குப் பிறகு ஜனவரி வருவது உங்கள் நாட்டு வழக்கமா?"

ஒன்றுக்குப் பின் பத்து

சரி, பெயருக்கு முன்னால் எண்ணைப் போட்டால் தீர்ந்தது என்று நினைத்தேன். மென்பொருள் எண்ணையும் எழுத்தாகவே பார்த்தது. ஒன்றுக்குப் பிறகு பத்து, பதினொன்று, பன்னிரண்டு. அதற்குப் பிறகுதான் இரண்டு. அரை நாள் முட்டிமோதிவிட்டு, வீடு திரும்பும்போது காரில் புலம்பினேன்.

மலர் அக்கா சிக்னலில் காரை நிறுத்திவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தார். பெட்டிகளில் அவர்கள் எப்போதும் ஒன்றுக்கு முன்னால் ஒரு பூச்சியம் போட்டுத்தான் எழுதுவார்களாம். இல்லாவிட்டால் ஸ்டோரில் இருக்கும் கொம்பியூட்டரும் இப்படித்தான் குழப்புமாம். "இது தெரியாமலோ பிள்ளை நீர் நாலு வருசம் கம்பஸ் போனனீர்?"

டேவிட்டின் வருடம்

ஜனவரி முதல் டிசெம்பர் வரை எல்லாம் நேராக நின்ற நாளில், கணக்குப் பகுதி டேவிட்டைக் கூப்பிட்டுக் காட்டினேன். பினாங்கிலிருந்து படிக்க வந்து இங்கேயே தங்கிவிட்டவர், யாரையும் நோகடிக்கத் தெரியாத மனிதர். இந்த நாட்டில் நிதியாண்டு ஜூலையில் தொடங்குகிறது என்பதை நான் சுத்தமாக மறந்திருந்தேன். படத்தை ரசித்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "அழகாத்தான் இருக்கும்மா. ஆனா தூக்கிப் போட்டுட்டு ஜூலையில இருந்து ஆரம்பி."

இறங்கிய ஐஸ்கிறீம்

நவம்பர் கடைசியில், நிரந்தரமாக்குவதைப் பற்றி முடிவெடுக்கும் கூட்டம் வந்தது. மலர் அக்காவும் தன் ஆட்களின் சார்பில் வந்திருந்தார். ஜனவரியிலிருந்து நவம்பர் வரை மட்டும் போதும் என்று மனேஜர் அன்று காலையில்தான் சொன்னார். அவசரத்தில் புதிதாக ஒரு படம் போட்ட நான், மாதப் பெயர்களுக்கு முன்னால் அந்த எண்களைப் போட மறந்துவிட்டேன்.

சுவரில் படம் விரிந்தது. மாதத்துக்கு ஒன்றாக நின்ற கம்பங்களில் கடைசி மூன்றும் படியிறங்கின. மனேஜர் உயரத்தைப் பார்த்தாரே தவிர, கீழே இருந்த பெயர்களைப் பார்க்கவில்லை. "விற்பனை விழுகிறது. நிரந்தரப் பேச்சை அடுத்த வருடம் பார்ப்போம்" என்று கோப்பை மூடினார். நான் பெயர்களைப் பார்த்தேன். பழையபடி ஆங்கில அகரவரிசை: நவம்பர், ஒக்டோபர், செப்டெம்பர். இந்த நாட்டில் செப்டெம்பரிலிருந்து வெயில் ஏற ஏற ஐஸ்கிறீம் விற்பனையும் ஏறிய மாதங்கள், பின்னிருந்து முன்னாக நின்றன.

என் சோதனைக் காலம் முடிந்து, என்னை நிரந்தரமாக்குவதா என்று மனேஜர் முடிவெடுக்கவும் இரண்டு கிழமைதான் இருந்தது. ஆனாலும் எழுந்து, படம் பிழை, பிழை என்னுடையது என்று சொன்னேன். எல்லோர் முன்னாலும் வரிசையை மாற்றினேன். கம்பங்கள் படியேறின. மனேஜர் இந்த முறை கீழே இருந்த பெயர்களையும் படித்துவிட்டு, மூடிய கோப்பைத் திறந்து ஏழு பெயர்களையும் எழுதச் சொன்னார்.

கார் நிறுத்துமிடத்தில் மலர் அக்கா கார்க் கதவைத் திறந்தார். என்னைத் திரும்பிப் பார்த்துச் சொன்னார்: "மூண்டு மாசத்தை மாத்தி வைச்சு ஏழு பேரை வீட்டை அனுப்பப் பாத்தனீர். நாளைக்கு நீர் பஸ்ஸில வாரும், பிள்ளை."

பன்னிரண்டு மாதங்களையும் வரிசை தப்பாமல் சொல்ல நேசரிப் பிள்ளைகளாலேயே முடியும். ஏழு பேருடைய வேலை அதில் தொங்கும்போது சொல்வதற்குத்தான் எனக்குச் சம்பளம் தருகிறார்கள்.